வரதன் சாமி வைத்த உப்புக் கரித்த சாம்பார்

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். வரி ஓர் இடத்தில் மேலே ஏறும், ஓர் இடத்தில் சரியும். அறுபத்தெட்டு வயதில் பேனா பிடித்த கை இது. அதற்கு முன் மண்வெட்டியும் வாழைத்தாரும்தான் அதற்குத் தெரியும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நம் குடியிருப்பின் கையெழுத்துப் பத்திரிகையில் வரதன் சாமியைப் பற்றி யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது, நான் எழுதுகிறேன் என்று முந்திக்கொண்டேன். மூன்று நாளாக எழுதுகிறேன். வருத்தமான விஷயம்தான். ஆனாலும் ஒவ்வொரு வரி முடியும்போதும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. மறைக்க விரும்பவில்லை.

சேதி வந்தபோது சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில் இருந்தேன். படிக்கக் கற்றதிலிருந்து ஜன்னல் சீட் கிடைத்தால் கடை போர்டுகளை வாய்விட்டுப் படித்துக்கொண்டே போவேன். "பெரியவரே, ஸ்டாப்பிங் எல்லாம் நீங்களே சொல்லிட்டு வர்றீங்க. எனக்கு எதுக்குச் சம்பளம்?" என்று கண்டக்டர் கிண்டல் செய்துகொண்டிருந்தார். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறும்போது போன் வந்தது. வரதன் சாமியோடு இருபது வருடம் சமையல் வேலை பார்த்த கிச்சா பேசினான்.

"மாணிக்கம், அண்ணா திருநாடு அலங்கரிச்சுட்டார். கார்த்தால அஞ்சு மணிக்கு."

இறப்பை வைஷ்ணவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். பாலத்தில் படிக்க ஒன்றும் இல்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கொள்ளிடத்தில் வெள்ளம் வந்த அந்த ஆடி மாதம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நாமெல்லாம் அப்போது கரையோரம் இருந்தோம். விடியற்காலையில் தண்ணீர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. என்னிடம் குத்தகை வாழை இருந்தது. குலை தள்ளிய வாழை. நான் அதைப் பார்க்க ஓடினேன். என் சம்சாரம் செல்லம்மா மேட்டுக்கு ஏறிவிட்டாள். ஓடுகிற வழியில் நான்தான் அவளைக் கூப்பிட்டு, "ஆடு கட்டிக் கிடக்கு, போய் அவுத்துட்டு வா" என்றேன். ஆடு வந்தது. அவள் வரவில்லை. மூன்றாம் நாள் ஐந்து மைலுக்குக் கீழே கிடைத்தாள்.

எங்களை ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். அவளை எரித்துவிட்டு அங்கே வந்து சுவரோரம் உட்கார்ந்தேன். யாரோடும் பேசவில்லை, சாப்பிடவில்லை. மறுநாள் மதியம்தான் வரதன் சாமி சமைக்க வந்தார். கல்யாணங்களுக்குச் சமைப்பவர் அவர். சின்ன வயதில் கோயில் மடப்பள்ளியில் வேலை பழகியவர். யாரும் கூப்பிடாமலே பாத்திரங்களை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி அக்கா என் கையைப் பிடித்து இழுத்துப் பந்தியில் உட்கார வைத்தாள்.

ஒரு வாய் வைத்தேன். சாம்பார் உப்பாகக் கரித்தது. சுற்றிப் பார்த்தேன். அத்தனை பேரும் தலைகுனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு என்ன தோன்றியதோ, எழுந்து அடுப்படிக்குப் போனேன். "சாமி, சாம்பார் உப்புக் கரிக்குது" என்றேன். செல்லம்மா போன பிறகு நான் பேசிய முதல் பேச்சு அது.

கிச்சாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏங்க, ஆத்தோட போகாம வந்திருக்கீங்க. இதுல உப்பு, புளி பார்க்கணுமா?"

"நீ வாயை மூடு" என்றார் வரதன் சாமி. கரண்டியிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நாக்கில் வைத்தார். அவர் முகம் மாறியது.

நடந்தது இதுதான். மடப்பள்ளியில் பெருமாளுக்குச் சமைப்பதை யாரும் ருசி பார்க்கக் கூடாது. முகர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். கை அளவுதான். அந்தப் பழக்கத்தில் சாமி நாற்பது வருடமாக எந்த அடுப்பிலும் ருசி பார்த்ததில்லை. அன்றைக்கு அவசரத்தில் அவரும் உப்புப் போட்டிருக்கிறார், கிச்சாவும் போட்டிருக்கிறான்.

சாமி நேராகப் பந்திக்கு வந்து கைகூப்பி நின்றார். "பெரிய தப்புப் பண்ணிட்டேன். இத்தனை பேர் சாப்பிட்டிருக்கேள். ஒருத்தர்கூடச் சொல்லலையே."

பாப்பாத்தி அக்காதான் பதில் சொன்னாள். "அழுது அழுது எங்க நாக்குதான் உப்பாப் போச்சுன்னு நெனச்சோம் சாமி."

அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து போய்ப் புதிதாகச் சாம்பார் வைத்தார்.

அடுத்த நாள் காலையில் சுவரோரம் என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு கரண்டி சாம்பார், ஒரு தொன்னை. "மாணிக்கம், ருசி பார்த்துச் சொல்லுங்கோ. நீங்க சொன்னப்புறம்தான் பந்தி."

"நான் எதுக்கு சாமி? உங்க வழக்கத்துல ருசி பார்க்கக் கூடாதே."

"பெருமாளுக்குப் பண்றச்சே கூடாதுதான். இதுவும் அவருக்குத்தான். ஆனா கோயில்ல அவர் ஒண்ணும் சொல்றதில்லை. இங்கே கேட்டா சொல்றார். கேட்காம இருந்துட்டேனேன்னுதான் ராத்திரி பூரா எனக்குத் தூக்கமே இல்லை."

அதிலிருந்து தினமும் அந்த முதல் கரண்டி எனக்கு வந்தது. நான் சொல்லாவிட்டால் முந்நூறு பேருக்குச் சாப்பாடு தாமதமாகும். அதனால் எழுந்தேன், முகம் கழுவினேன், சாப்பிட்டேன்.

ஒரு நாள் பழம் கொடுக்க வந்த ஒரு பெரிய மனிதர், பந்தி நடுவில் நின்றுகொண்டு, முன்ஜென்மப் பாவம், ஆற்றுக்குக் கோபம் என்று பேச ஆரம்பித்தார். எனக்கு அது நெஞ்சில் போய்க் குத்தியது. வரதன் சாமி ரச வாளியோடு அவர் முன்னால் போய் நின்றார். "சார், ஜனங்க சாப்பிடறா. பேசணும்னா வெளியில மரத்தடி இருக்கு. பரிமாறணும்னா இந்தாங்கோ வாளி." அந்த மனிதர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வாளியை வாங்கிக்கொண்டார். கடைசிப் பந்தி வரை நன்றாகவே பரிமாறினார். அதையும் சொல்ல வேண்டும்.

அதற்கு மறுநாள் யாரோ வெள்ளத்தில் சாய்ந்த வாழைத்தண்டுகளைக் கொண்டுவந்து போட்டார்கள். நான் உட்கார்ந்து நார் எடுத்துக்கொண்டிருந்தேன். சாமியும் பக்கத்தில் உட்கார்ந்து நறுக்கினார். அப்போதுதான் அவரிடம் சொன்னேன். ஆட்டை அவிழ்க்கப் போகச் சொன்னது நான்தான் என்று. அதுவரை யாரிடமும் சொல்லவில்லை. "பெருமாள் பக்கத்துலயேதான் படுத்திருக்கார். அவரு ஏன் சாமி பார்த்துக்கிட்டு இருந்தாரு?" என்றும் கேட்டேன்.

"எனக்குத் தெரியலை மாணிக்கம்" என்றார். "தெரியும்னு சொன்னா அது பொய்." கொஞ்ச நேரம் நறுக்கினார். "உங்க மேல தப்பில்லைன்னும் சொல்ல மாட்டேன். சொன்னா நீங்க நம்பப் போறதில்லை. அண்டாவை ஒருத்தரே தூக்கினா முதுகு போயிடும். ஒரு பக்கம் நான் பிடிச்சுக்கறேன். அவ்வளவுதான் என்னால ஆகும்." பிறகு, "செல்லம்மாவுக்குச் சாப்பிட என்ன பிடிக்கும்?" என்றார்.

நான் தயங்கினேன். "கருவாட்டுக் குழம்பு சாமி."

அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரித்தபடியே அழுதேன். அவர் கத்தியை நிறுத்தவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. "அது என்னால ஆகாது. அடுத்ததைச் சொல்லுங்கோ."

"பறங்கிக்காய் போட்ட புளிக்குழம்பு. வெல்லம் கொஞ்சம் தூக்கலா."

மறுநாள் அதுதான் குழம்பு. ஒவ்வொரு இலையிலும் ஊற்றும்போது, "இது செல்லம்மா சொன்ன குழம்பு" என்று சொல்லிக்கொண்டே போனார். முந்நூறு பேர் அவள் பெயரைக் கேட்டுவிட்டுச் சாப்பிட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலம் ஒருவர் பின் ஒருவராக அடுப்படிக்கு வந்தார்கள். "எங்க அப்பாவுக்கு அவரைக்காய்", "என் தங்கச்சிக்குப் பால்பாயசம்." ஆற்றோடு போன ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் சமைத்தார். அந்தப் பள்ளிக்கூடத்தில் அதைவிடப் பெரிய பூஜையை நான் பார்த்ததில்லை.

அதன் பிறகும் மாதம் ஒரு முறையாவது அவரைப் பார்ப்பேன். நான் எழுத்துப் படிக்கப் போகிறேன் என்றதும், "போங்கோ, நான் ஏட்டுப் படிப்பே படிக்காதவன், எனக்கும் சேர்த்துப் படியுங்கோ" என்றார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு கேள்வி. போன மழையில் பின் தெருவில் சுவர் விழுந்து ஒரு பெண்ணின் புருஷன் போனான். எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்கு என்ன சாப்பாடு பிடிக்கும் என்று கேட்டேன். அந்தப் பெண் ஒரு மணி நேரம் பேசினாள்.

வகுப்பில் என் பெயர், விலாசம், ஊர்ப் பெயர்கள் எல்லாம் எழுதியிருக்கிறேன். செல்லம்மா என்று இந்தக் காகிதத்தில்தான் முதன்முதலாக எழுதினேன். இப்போது விரல் வலிக்கிறது, வெளிச்சமும் குறைகிறது. அடுத்த வாரம் அவளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பெரிய கோபக்காரி அவள். இரண்டு பக்கத்தில் அடங்க மாட்டாள். பத்திரிகை ஆசிரியர் எனக்கு நாலு பக்கம் ஒதுக்க வேண்டும்.