வயிற்றுக்குள் ஒரு மெசின், பைக்குள் இரண்டு ரோல்ஸ்

போன வருடம் சித்திரை மாதம், ரொறன்ரோவில் பனி கரைந்து ரோட்டோரமெல்லாம் சேறாகக் கிடந்த நாள்களில் நடந்தது இது. நாங்கள் இருப்பது அதற்குப் பக்கத்து ஊரான ஸ்ரௌவ்வில்லில். பிள்ளைகள் கலியாணம் கட்டிப் போய்விட்டார்கள். வீட்டில் நானும் மனைவியும்தான். எனக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்து, படி ஏறுவதென்றால் கைப்பிடிக் கம்பியோடு மல்லுக்கட்ட வேண்டும். ஒப்பரேசன் செய்ய முதலில் உடம்பு நிறை குறைய வேண்டும் என்று டொக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். நானோ எத்தனையோ தரம் டயட் என்று தொடங்கி, அடுத்த கலியாண வீட்டோடு அதை முடித்தவன்.

கடைசியில் வயிற்றுக்குள் ஒரு மெசின் வைத்தார்கள். இடப்பக்க விலாவுக்குக் கீழே, தோலுக்கு அடியில், தீப்பெட்டி அளவு. அதிலிருந்து போகும் வயர், பசி என்ற சேதி நரம்பு வழியே மூளைக்குப் போகாமல் மறித்துவிடுமாம். தினமும் ஒரு பெல்ட்டை அதன் மேல் கட்டிக்கொண்டு குந்தியிருந்தால் தோலுக்கு வெளியே இருந்தே சார்ஜ் ஏறும். முதல் மூன்று மாதத்தில் இருபது பவுண்ட் இறங்கியது. மனைவி ஆசையாகச் சோறு போடுவாள், நான் பாதியில் கை கழுவுவேன். அவளுக்குத்தான் முகம் வாடும்.

பிறகு ஒருநாள் வேலை முடிந்து வரும் வழியில், மார்க்கம் ரோட்டில் ஒரு தமிழ்க் கடையில் இரண்டு மட்டன் ரோல்ஸ் வாங்கி, காருக்குள் இருந்தே சாப்பிட்டேன். பசித்ததா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வாசம் வந்தது, கார் திரும்பியது, அவ்வளவுதான். அடுத்த நாளும் திரும்பியது. ஒரு வாரம், இரண்டு வாரம் என்று போய், மூன்றாவது கிழமையில் வயிறு இரையவே தொடங்கிவிட்டது. மெசின் பழுதா, இல்லை என் ஆசை மெசினையே வென்றுவிட்டதா, ஒன்றும் விளங்கவில்லை. வெட்கத்தில் மனைவிக்கும் சொல்லவில்லை. வீட்டில் பாதிச் சோற்றோடு எழும்பி நல்ல பிள்ளையாக நடித்தேன்.

தராசுக்கு நடிக்கத் தெரியாதே. ஆறு பவுண்ட் ஏறிவிட்டது. இப்படியே போனால் மெசினைக் கழற்ற வேண்டி வரும், முழங்கால் ஒப்பரேசனையும் மறக்க வேண்டியதுதான் என்றார்கள் கிளினிக்கில். பெல்ட்டையும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். மனைவியும் கூட வந்தாள்.

அங்கே மெசினைச் சோதித்த பெண், பதினெட்டு நாளாக இதில் சார்ஜே இல்லை என்றாள். நான் தினமும் கட்டுகிறேனே என்றேன். லைட் எப்படி எரியும் என்று கேட்டாள். மின்னி மின்னி எரியும் என்றேன். மின்னினால் சார்ஜ் ஏறவில்லையாம். விடாமல் எரிந்தால்தான் ஏறுகிறதாம். நானோ, முதலில் விடாமல் எரிந்தது மின்னத் தொடங்கியதும், அது மும்முரமாக வேலை செய்கிறது என்று நினைத்திருக்கிறேன். அவள் பெல்ட்டைத் தடவிப் பார்த்தாள். நடுவில் ஏதோ தட்டுப்பட்டது. தையலைப் பிரித்தால், உள்ளே மாதா படம் போட்ட உலோகப் பதக்கம் ஒன்று.

மனைவி கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டாள். "கரண்ட் உடம்புக்குள்ள போகுதெண்டு எனக்கு ஒரே பயம். மூண்டு கிழமைக்கு முதல் நான்தான் வச்சுத் தைச்சனான். உங்களுக்கு ஒண்டும் ஆகக்கூடாதெண்டு..." என்று அழத் தொடங்கினாள்.

உலோகம் இடையில் நின்றால் சார்ஜ் போகாது, மிச்சமிருந்த சார்ஜில் மூன்று நாள் ஓடி நின்றிருக்கிறது, மற்றப்படி மெசின் நன்றாகத்தான் இருக்கிறது, கழற்றத் தேவையில்லை என்றாள் அந்தப் பெண். எனக்குப் போன உயிர் வந்தது. அதோடு ஒரு குழப்பமும் வந்தது. மெசின் நின்று பதினெட்டு நாள். நான் ரோல்ஸ் தொடங்கி ஐந்து கிழமை. அது உசாராக வேலை செய்தபோதே நான் தொடங்கிவிட்டேன். அதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பழி முழுவதும் மனைவியின் மேல் விழுந்தது எனக்கு வசதியாக இருந்தது. எழுதவே கூச்சமாக இருக்கிறது.

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தாள். "பாவம், பசியோட கிடந்திருக்கிறியள். உந்தக் கடையில நிப்பாட்டுங்கோ, ஏதும் வாங்கித் தாறன்." அதே கடை. வேண்டாம் என்றேன், அவள் கேட்கவில்லை. உள்ளே போனதும், கவுன்டரில் நின்ற தங்கச்சி என்னைக் கண்டு இடுக்கியை எடுத்தாள்.

"அண்ணை, வழமை போல ரெண்டுதானே?"

காருக்குள் வந்து பையை மடியில் வைத்துக்கொண்டு, எத்தனை நாளாக என்று மட்டும் கேட்டாள் மனைவி. ஐந்து கிழமை என்றேன். கையை விரித்து ஒவ்வொரு விரலாக மடித்தாள். தான் பதக்கம் தைத்த கிழமையான மூன்றாவது விரலோடு நிறுத்தி, மடங்காமல் நின்ற மற்ற இரண்டையும் பார்த்தாள்.

"அப்ப ஏன் என்னை அங்க அழவிட்டனீங்கள்?"

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். இரண்டு ரோல்ஸையும் அவளே, ஜன்னல் பக்கம் பார்த்தபடி, ஒன்றன்பின் ஒன்றாகச் சாப்பிட்டு முடித்தாள். நான் காரை ஓட்டினேன்.

இப்போது அந்தப் பதக்கம் காரின் கண்ணாடியில் தொங்குகிறது. பெல்ட்டின் லைட் விடாமல் எரிகிறது, நிறையும் இறங்குகிறது. ஆனாலும் அந்தக் கடையைத் தாண்டும்போது கை கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது. எது என் பசி, எது வெறும் ஆசை, எது மெசின் மறித்து வைத்திருப்பது என்று எனக்கு இன்னும் பிரித்துச் சொல்லத் தெரியாது. ஆனால் என் பிழையைத் தன் பிழையென்று நினைத்து அவள் அழுத நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது எந்த மெசினின் பழுதும் இல்லை என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.