முகாம் வரட்டும்

என் கணவர் வருடத்துக்கு இரண்டு மாதம் பட்டாளத்துக்காரர். மீதிப் பத்து மாதம் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியன். பகுதிநேரப் பட்டாளம் என்றால் மூலக்குளத்தில் எங்கள் தெருவில் யாருக்கும் புரிவதில்லை. "சண்ட வந்தா கம்பெனில லீவு சொல்லிட்டுப் போவாரா?" என்று பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை கேட்டார். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை நான். எனக்குக் கோபம் மூக்கு நுனியில்.

அந்த இரண்டு மாதம் அவர் பட்டாள முகாமில் இருக்கும் நாள்களில் எனக்கும் மகளுக்கும் சென்னையில் ராணுவ ஆஸ்பத்திரியில் வைத்தியம் உண்டு. முகாம் முடிந்தால் அதுவும் முடிந்தது. அவர் வீட்டில் இருந்தால் சலுகை இல்லை, சலுகை இருந்தால் அவர் வீட்டில் இல்லை. அதனால் எங்கள் வீட்டு நோய்களெல்லாம் முகாமுக்காகக் காத்துக் கிடக்கும். மகளின் டான்சில், என் கடைவாய்ப் பல், எல்லாவற்றுக்கும் "முகாம் வரட்டும்" என்பதுதான் பதில்.

எனக்கு அந்த ஆஸ்பத்திரி பிடித்ததற்கு வேறு காரணமும் உண்டு. மகளுக்கு டான்சில் எடுக்கப் போனபோது நர்ஸ் என்னைப் பார்த்து, "உக்காருங்க மேடம்" என்றார். என் அப்பா மில் தொழிலாளி. எங்களை எந்த ஆஸ்பத்திரியிலும் யாரும் உட்காரச் சொன்னதில்லை, "தள்ளி நில்லு" என்றுதான் கேட்டுப் பழக்கம். அந்த ஒரு மேடத்தில் நான் விழுந்துவிட்டேன்.

போன வருடம் பொங்கல் கழிந்து வலது விலாவுக்குக் கீழே வலி ஆரம்பித்தது. அவர் வேலைக்குப் போன நாளில் தனியாகப் போய் அரசு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தேன். பித்தப்பையில் கல் இருக்கிறது, சீக்கிரம் ஆபரேஷன் செய்துவிடுவது நல்லது என்றார் டாக்டர். முகாமுக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. "அப்புறம் வரேன் சார்" என்று சொல்லிவிட்டு ஸ்கேன் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

என் கணவரிடம் கேஸ் தொந்தரவு என்றேன். பாவம், நம்பினார். ஓமத் தண்ணீர், இஞ்சிச் சாறு என்று தினமும் தன் கையாலேயே ஏதாவது செய்து கொடுத்தார். வலி வந்தால் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுத் துண்டைக் கடித்துக்கொள்வேன்.

முகாமுக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அரியாங்குப்பத்தில் ஒரு காதுகுத்துக்கு பைக்கில் கிளம்பினோம். ஆற்றுப் பாலத்தின் மேல் வலி பிடித்துக்கொண்டது. துண்டுக்கு எங்கே போவது? அவர் தோளோடு சட்டையைக் கடித்துவிட்டேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பாலம் தாண்டியதும் வண்டியைத் திருப்பி நேராக அரசு ஆஸ்பத்திரிக்கு விட்டார்.

"எத்தன நாளா வலி?" என்று அங்கிருந்த டாக்டர் கேட்டார்.

"நேத்துலேந்து" என்றேன்.

பழைய ரிப்போர்ட் ஏதாவது இருக்கிறதா என்று அடுத்துக் கேட்டார். நான் தடுப்பதற்குள் என் கணவர் கைப்பையைத் துழாவி அந்தத் தாளை எடுத்துவிட்டார். தேதியைப் பார்த்தார். டாக்டரிடம் நீட்டினார்.

பித்தப்பையில் சீழ் பிடித்திருந்தது. அன்றைக்கே ஆபரேஷன். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அது பிற்பாடுதான் தெரியும்.

இரண்டாம் நாள் காலையில் கஞ்சி கொடுக்கலாம் என்றார்கள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஸ்பூனால் ஊட்டினார். அவர் முகம் வீங்கியிருந்தது. பாதிக் கஞ்சி என் கழுத்தில் வழிந்தது.

"நெஞ்சு நெறய கோவம் வெச்சிக்கினு ஊட்டாதீங்க, திட்டிடுங்க" என்றேன்.

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"ரெண்டு மாசந்தான் நான் பட்டாளத்தான். மிச்சம் பத்து மாசம் நான் உனக்கு யாரு?"

நான் ஒரு மேடத்துக்காகக் காத்திருந்தேன் என்று எந்த வாயால் சொல்வது? அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்த கை. அழுகை வந்தது, தையல் இழுத்தது.

"ரொம்ப வலிச்சுதுங்க" என்றேன். நாலு மாதத்தில் அவரிடம் அதை அன்றுதான் சொன்னேன்.