முந்திக் கொடுத்த வெள்ளிக் கை

அமெரிக்காவில் படித்துக்கொண்டே பேஸ்போலில் பந்தெறிபவனாக விளையாடிய அனோஜை, அங்கத்தைய பெரிய கழகமொன்று வருடாந்த ஆள் எடுப்பின் இரண்டாவது சுற்றிலேயே தெரிவுசெய்தது. செய்தி சிட்னியில் பிளாக்டவுனுக்கு வந்ததும் தகப்பன் றெஜினோல்டுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. மகன் வந்திறங்கியதும் லிட்கம்மில் மண்டபம் எடுத்து, வெள்ளைப் பந்துபோலக் கேக் செய்வித்து, மன்னார்ச் சனம் முழுவதையும் கூப்பிட்டார்.

"அப்பா, இது அவையின்ரை கீழ் அணிதான். இன்னும் நாலைஞ்சு படி ஏறோணும்," என்றான் அனோஜ்.

"படியெல்லாம் எங்களுக்கும் தெரியும். நீ கேக்கை வெட்டு."

தாய் பேர்ளுக்கு ஒரு நேர்த்தி இருந்தது: மகன் பெரிய அணியில் ஏறினால் மன்னாரில் மடுக் கோயில் மாதாவுக்கு வெள்ளியில் ஒரு கை. "எடுத்திட்டாங்கள்தானே, பிறகென்ன?" என்று றெஜினோல்ட் அவசரப்பட்டுக் கையைச் செய்வித்து, ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பிவிட்டார். ஏறாத ஏற்றத்துக்கு நேர்த்தி தீர்ந்தது. தாயின் முகம் அன்றைக்கே வாடியதை அனோஜ் கண்டான்.

திரும்பிப் போன அமெரிக்காவில் அவனுக்குக் கிடைத்தது பஸ்ஸும், மலிவு விடுதியும், பாதி காலியான சின்ன மைதானங்களும். சிட்னிப் பெடியன்களின் கண்ணுக்கே பிடிபடாத அவன் பந்தை அங்கே எல்லாரும் மதிலுக்கு வெளியே அடித்தார்கள். இன்னும் வேகமாக எறியப் போய் முழங்கை போனது. வெட்டித் தைத்தார்கள், எறிந்தான், திரும்பவும் போனது. ஒரு காலையில் பயிற்சியாளர் அறைக்குக் கூப்பிட்டு, கை குலுக்கி அணியை விட்டு அனுப்பிவிட்டார். அவன் குடித்தான், கூத்தடித்தான் என்று யாராவது சொன்னால் அது பச்சைப் பொய். அந்தப் பிள்ளை பட்ட பாடு அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும்.

"என்ன தம்பி, அமெரிக்கா லீவு விட்டிட்டுதோ?" என்று சிட்னிக்குத் திரும்பியவனைக் கோயில் வாசலில் ஊர்க்காரர் சிறி அங்கிள் கேட்டார். "கிரிக்கெட் எண்டாலாவது நாங்கள் ரீவியிலை பாத்திருப்பம்."

"காயம் மாற வந்து நிக்கிறான். திரும்பப் போவான்," என்று றெஜினோல்ட் முந்திக்கொண்டார்.

இப்போது அனோஜுக்கு ஒரு கிடங்கில் வேலை. சோறு தின்பது இடது கையில் கரண்டியோடு. "அமெரிக்காவிலை பழகின துரைப் பழக்கம்," என்று தகப்பன் ஒவ்வொரு நாளும் குத்துவார்.

போன ஞாயிறு சாப்பாட்டு மேசையில் அவர் தொடங்கினார். "மெல்பேணிலை ஒரு அணி ஆள் எடுக்குதாம். உன்ரை பேரைக் குடுத்திட்டன். அம்மா இன்னொரு கை நேர்ந்தா எல்லாம் சரிவரும்."

"நான் நேரமாட்டன்," என்றாள் பேர்ள். "முதல் கையை முந்திக் குடுத்துப் பட்டது காணும்."

"அப்பா, ஐ'ம் டன். நான் விட்டிட்டன்."

"விடுறதோ? சனத்துக்கு நான் என்ன சொல்லுறது? முதல்லை அந்தக் கரண்டியை வை. சோத்துக் கையாலை தின்."

அனோஜ் கரண்டியை வைத்தான். வலது கையால் மீன் குழம்புச் சோற்றைப் பிசைந்து, ஒரு கவளம் எடுத்து உயர்த்தினான். வாய்க்கு ஒரு சாண் இருக்கக் கை நின்றது. அதற்கு மேலே மடங்கவில்லை. குழம்பு மணிக்கட்டால் வழிந்து சட்டைக்குள் போனது. பேர்ள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள்.

றெஜினோல்ட் அந்தக் கையையே பார்த்தார். அனோஜ் காத்திருந்தான். "சரி, போகாதை" என்ற ஒரு சொல் அவனுக்குப் போதும்.

"இடது கையாலை எறியப் பழகேலாதோ?" என்றார் தகப்பன்.

அனோஜ் கவளத்தைச் சோற்றுக் கோப்பையில் திரும்ப வைத்துவிட்டு எழும்பினான். பசி அப்படியே இருந்தது.