பந்திக்குக் கூப்பிட்ட பாட்டு

மகள் பகலில் தூங்கும் நேரம்தான் என் ஆராய்ச்சி நேரம். அமெரிக்கக் கறுப்பின மக்கள் அரை நூற்றாண்டுக்கு முன் வாசித்த ஃபங்க், சோல் இசையில், ஒரே ஒரு இசைத்தட்டோடு காணாமல் போன குழுக்களைத் தேடுகிறேன். யார் வாசித்தார்கள், பிறகு என்ன ஆனார்கள் என்று. ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டுவேன். மற்றக் காது குழந்தைக்கு. அப்படியும் எழுந்துபோய், மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்துவிட்டு வருவேன்.

“பேங்க் பரிச்சைக்குப் படிச்சாலும் ஒரு அர்த்தம் இருக்கு,” என்பார் அத்தை, என் மாமியார். “எவனோ எங்கனயோ கொட்டடிச்சதை நீ எதுக்குட்டி கெடந்து தேடுத?”

அவர் சொல்வது சரிதானோ என்று எனக்கே பாதி நாள் தோன்றும். அப்போது நான் பிடித்து வைத்திருந்த பாட்டைப் பற்றி இணையத்தில் இருந்தது ஒரே குறிப்பு. தட்டு விற்கவில்லை, அதை யாரும் கேட்கவுமில்லை என்று இசைத்தட்டுச் சேகரிப்பாளர் ஒருவர் எழுதியிருந்தார். யாரும் கேட்காத ஒன்றுக்கா இத்தனை பகல்களைக் கொடுத்தேன்? உறுத்தியது. பிறகு கோபம் வந்தது. யாரும் கேட்கவில்லையென்றால் எங்கள் ஆட்களாவது கேட்கட்டும்.

மகளின் காதுகுத்துக்குச் சங்கரன்கோவிலில் மண்டபம் பிடித்திருந்தோம். அந்தப் பாட்டைப் போட வேண்டும் என்றேன்.

“பிள்ளைக்குக் காது குத்துத அன்னைக்கு வந்தவன் காதுல ஈயத்தைக் காய்ச்சி ஊத்தணுமா?” என்றார் பெரிய மாமா, மாமனாரின் அண்ணன்.

“ஒரு பாட்டுதான் மாமா.” அன்று மண்டபத்தில் போனை மைக்செட் அண்ணாச்சியிடம் கொடுத்தும்விட்டேன்.

என் அண்ணன் மடியில் மகள் வீறிட்டு ஓய்ந்ததும் பாட்டு தொடங்கியது. முதலில் பேஸ் கிட்டார், அதன் மேல் டிரம்ஸ், டிரம்பெட். முன்வரிசையில் இருந்த குருவிகுளத்துப் பெரியவர் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். வெளியே போகிறார் என்று நினைத்தேன். அவர் பின்னாலேயே நரைத்த தலைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. நாற்காலிகள் கிறீச்சிட்டன. எல்லாரும் நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

சமையல்காரர் பதறிக்கொண்டு வந்தார். “யாருவே பந்திக்குக் கூப்பிட்டது? சோறே வடிக்கல!”

“பந்திப் பாட்டு போட்டாச்சுல்லா,” என்றார் குருவிகுளத்துக்காரர். “இலையப் போடும் வே.”

மைக்செட் அண்ணாச்சி தலையில் கைவைத்துச் சிரித்தார். “எங்கப்பா மைக்செட் வச்சிருந்தப்ப தூத்துக்குடி ஹார்பர் பக்கம் மொத்தமா வாங்கின பழைய ரெக்கார்டுல இதுவும் கெடந்துச்சும்மா. அப்பல்லாம் எங்க நடிகர் பாட்டைப் போடு, உங்க நடிகர் பாட்டை நிறுத்துன்னு கல்யாண வீட்டுல அடிதடி. இது எந்த நடிகர் பாட்டும் இல்ல பாத்தியளா? அதான், பந்திக்கு இதையே போட்டுட்டாரு. புளியங்குடி வரைக்கும் எல்லா வீட்டுலயும் இதுதான். நானும் மறந்தே போனேன்.”

“நிறுத்துவே அதை! மானம் போவுது,” என்று கத்தினார் பெரிய மாமா.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். மண்டபமே என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது.

“நிறுத்தாதிய அண்ணாச்சி. சோறு வடியிற வரைக்கும் ஓடட்டும்.”

மறுநாள் அந்தக் குறிப்பின் கீழே எழுதினேன்: இந்தப் பாட்டைக் கேட்டுத்தான் எங்கள் பக்கத்தில் ஒரு தலைமுறை இலை முன்னால் உட்கார்ந்தது. சேகரிப்பாளர் ஆதாரம் கேட்டார். அனுப்புவதற்காகக் காதுகுத்து வீடியோவை ஓடவிட்டுப் பார்த்தேன். தோளுக்குப் பின்னாலிருந்து அத்தையும் பார்த்தார். பாட்டு தொடங்கியதும், படத்தில் குருவிகுளத்துக்காரருக்கும் முன்னால் எழுந்து நிற்பது அத்தைதான்.

“ஏட்டி, நான் எந்திரிக்கதை மட்டும் வெட்டிட்டு அனுப்பு.”

“வெட்ட மாட்டேன் அத்தை,” என்றேன். “அதுதான் ஆதாரம்.”