வாளியம்மாவுக்குக் கேட்காத குரல்

இது நடந்தது. யாரோ சொல்ல யாரோ கேட்ட சமாச்சாரம் இல்லை. என் சின்னக்காவுக்கு, பட்டப்பகலில், கூப்பிடு தூரத்தில் ஆட்கள் இருக்கும்போது நடந்தது. பேய் என்றால் வயிறு வலிக்கச் சிரிக்கிறவள் அவள். இப்போது அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுகிறாள். ஒரே ஒரு தடவைதான் எனக்கு முழுதாகச் சொன்னாள். நான் எதையும் கூட்டவில்லை.

குழந்தைகளுக்கான அறைகளை வடிவமைப்பது சின்னக்காவின் தொழில். பள்ளிக்கூடம், மருத்துவமனை, நூலகம் என்று எங்கே கூப்பிட்டாலும் போவாள். புது அறைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக முழங்கால் போட்டுத் தவழ்வாள். மேஜை முனை எங்கே இடிக்கும், பிளக் எங்கே கைக்கு எட்டும், கதவிடுக்கில் விரல் எப்படி நசுங்கும் என்பதெல்லாம் அந்த உயரத்தில் இருந்தால்தான் தெரியும் என்பாள்.

ஒரு பழைய தேவாலயத்தில் அவளுக்கு வேலை வந்தது. ஆராதனை நேரத்தில் சின்னப் பிள்ளைகள் விளையாட ஓர் அறை வேண்டும். பிள்ளைகள் ஆசையாக ஓடி வரவேண்டும், பெற்றவர்கள் கவலையில்லாமல் விட்டுப் போகவேண்டும். போதகர் அவளுக்குக் காட்டியது பாடகர் மேடைக்குப் பின்னால் இருந்த சாமான் அறை. ஜன்னல் ரொம்ப உயரத்தில் இருந்தது. தெருப்பக்கம் ஒரு கதவு, எப்போதும் பூட்டியே கிடக்கும். மண்டபத்துப் பக்கம் கனத்த மரக்கதவு. அதன் தாழ்ப்பாள் வெளிப்பக்கம்.

சின்னக்கா தவழ்வதைப் பார்த்துத் தச்சர் சிரித்தார்.

"என்ன மேடம், கம்மல் தொலஞ்சு போச்சா?"

அவளும் சிரித்தாள். தச்சர் மரம் எடுக்க வெளியே போனார்.

டொக்... டொக்.

மரக்கதவில் யாரோ தட்டினார்கள். சின்னக்கா எழுந்து போய்த் திறந்தாள். ஆளில்லை. அப்போதுதான் ஒன்று உறைத்தது. சத்தம் அவள் முகத்துக்கு நேராக வந்திருந்தது. அவள் அப்போது முழங்காலில் இருந்தாள்.

மறுநாள் அவள் வெளியே நின்று கதவை அளந்துகொண்டிருந்தாள். அறை காலி. தாழ்ப்பாள் போட்டிருந்தது.

டொக்... டொக்... டொக்.

இந்த முறை உள்ளேயிருந்து. சட்டென்று திறந்தாள். பெயிண்ட் டப்பாக்கள் மட்டும்தான் இருந்தன. எலியாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் எலி விட்டு விட்டுத் தட்டுமா?

அந்த நேரம் மண்டபத்து வழியாக வாளியம்மா வந்தாள். தேவாலயத்தைக் கூட்டித் துடைக்கிறவள். எப்போது பார்த்தாலும் கையில் வாளி இருப்பதால் பிள்ளைகள் வைத்த பேர் அது. கிட்டத்தட்ட எழுபது வயது. அதிகம் பேசமாட்டாள். வேலை முடிந்தால் இந்த அறைக்கு எதிரில் வந்து சும்மா உட்கார்ந்திருப்பாள்.

வாளியம்மா கதவைக் கடக்கும்போது...

"அம்மா..."

காலி அறைக்குள்ளிருந்து. சின்னக் குரல். இருமல் கலந்த குரல்.

"அம்மா... கதவு..."

வாளியம்மா தன் பாட்டுக்கு நடந்து போனாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அம்மா! உங்களுக்குக் கேக்கலையா?"

வாளியம்மா நின்றாள். வாளியைக் கீழே வைத்தாள். கிட்டே வந்து சின்னக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"என்ன சொன்னா?"

ஆணா பெண்ணா என்று சின்னக்கா சொல்லவே இல்லை.

"சொல்லும்மா. என் மக என்ன சொன்னா? இங்க வேலைக்கு வர்றவங்க எல்லாருக்கும் கேக்குது. போன தடவை வெள்ளையடிக்க வந்தவனுக்குக் கூட கேட்டுச்சு. நான் வருஷக்கணக்கா உக்காந்திருக்கேன். எனக்கு மட்டும் கேக்க மாட்டேங்குதே."

சின்னக்காவால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. "சிரிக்கிற சத்தம்தாம்மா" என்றாள்.

வாளியம்மா அவள் முகத்தையே பார்த்தாள். "அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டாள்.

மீதியைப் போதகர்தான் சொன்னார். அவருக்கும் அது முன்னால் இருந்த போதகர்கள் சொல்லித் தெரிந்ததுதான். வாளியம்மா அந்தக் காலத்தில் பாடகர் குழுவில் முதல் வரிசை. அவள் குரல் தெருமுனை வரை கேட்குமாம். ஒரு நாள் பாட்டுப் பயிற்சி. மகளுக்கு ஐந்து வயது, மற்ற பிள்ளைகளோடு ஒளிந்து விளையாடியவள் சாமான் அறைக்குள் போய் ஒளிந்தாள். கதவு திறந்து கிடக்கிறதே என்று யாரோ போகிற போக்கில் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டார்கள். உள்ளே பழைய மின்கம்பி புகைந்தது. பிள்ளை கதவைத் தட்டியிருக்கிறது. மேடையில் இருந்தவர்களுக்குச் சத்தம் கேட்டதாம். தாளம் என்று நினைத்தார்களாம்.

"வேற ரூம் வேணும்னா தர்றேம்மா" என்றார் போதகர்.

"வேண்டாம் பாஸ்டர். இதே ரூம்தான். ஆனா அந்தக் கதவு இருக்கக் கூடாது" என்றாள் சின்னக்கா. சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அன்றைக்கே வரைபடத்தை மாற்றினாள். மண்டபத்துப் பக்கச் சுவரில் பாதியை இடித்து உடையாத கண்ணாடி. பிள்ளைகளுக்கு அம்மா தெரியவேண்டும், அம்மாவுக்குப் பிள்ளை தெரியவேண்டும். நடுவில் இடுப்பளவு அரைக்கதவு. தெருப்பக்கக் கதவுக்கு மட்டும் பெரியவர்கள் கைக்கு எட்டும் தாழ்ப்பாள்.

வாளியம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"உள்ளேருந்து தள்ளினா தெறந்துக்குமா?"

"ஒரு விரல் பட்டாப் போதும்மா."

"கூப்பிட்டா?"

"கேக்கும்மா. கட்டாயம் கேக்கும்."

பழைய கதவைக் கழற்றிய நாள். மத்தியானம். மழை இருட்டிக்கொண்டு வந்தது. கரண்ட் போய்விட்டது. தச்சர் கீலைக் கழற்றிக் கதவைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சாப்பிடப் போனார். தெருப்பக்கக் கதவு காற்றுக்காகத் திறந்திருந்தது. அறை நடுவில், புதிதாக வந்த குட்டி நாற்காலியில் வாளியம்மா உட்கார்ந்திருந்தாள். சின்னக்கா மூலையில் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

டொக்.

சாய்த்து வைத்த கதவிலிருந்து.

டொக்... டொக்...

பிறகு நின்றுவிட்டது.

தரையில் மரத்தூள் கிடந்தது. அதில் ஒரு தடம் விழுந்தது. சின்னப் பாதம். வெறுங்கால்.

அடுத்து இன்னொன்று.

யாருமில்லை. தடம் மட்டும் நடந்தது.

வாளியம்மாவை நோக்கி...

சின்னக்காவுக்குக் கத்தத் தோன்றியது. நாடாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள்.

தடம் வாளியம்மாவின் காலடியில் நின்றது.

அவள் முந்தானை நுனி மெல்ல எழும்பியது. யாரோ கைக்குள் பிடித்தது போலக் கசங்கியது. இழுபட்டது.

ஒரு முறை.

மறுபடியும்.

வாளியம்மா கதவு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன காத்து..." என்று முணுமுணுத்தாள்.

முந்தானையை உருவி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை.

பிறகு தடங்கள் திரும்பின. தெருப்பக்கம்.

மழைக்குள்...

அவ்வளவுதான்.

சின்னக்கா அதை வாளியம்மாவிடம் சொல்லவே இல்லை. எப்படிச் சொல்வது? 'உங்க பொண்ணு வந்து கூப்பிட்டா, நீங்கதான் கையைத் தட்டி விட்டீங்க' என்றா?

அறை திறக்கப்பட்டது. பிள்ளைகள் கூச்சல் போட்டு விளையாடினார்கள். யாருக்கும் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. வாளியம்மாவை மட்டும் காணோம். மழை பெய்த அன்றைக்கு வீட்டுக்குப் போனவள் அப்புறம் வேலைக்கே வரவில்லை என்றார்கள்.

சின்னக்கா விசாரித்துக்கொண்டு போனாள். ஓட்டு வீடு. கதவு சாத்தியிருந்தது. வாசல்படியில், கதவில் தலையைச் சாய்த்தபடி வாளியம்மா உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள்.

"ஏம்மா வெளிய உக்காந்திருக்கீங்க?"

"உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கும்மா."

"யாரு உள்ள?"

வாளியம்மா தனி ஆள். கணவர் போய் எத்தனையோ காலமாகிறது.

"அன்னைக்கு நனைஞ்சுக்கிட்டே வந்தேன். கதவு தெறக்கல. தட்டினேன். உள்ளேருந்து 'யாரு'ன்னா."

சின்னக்கா சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்குக் கேட்டுச்சும்மா. எனக்கே கேட்டுச்சு. 'அம்மா வந்திருக்கேன், தெறடி'ன்னேன்." வாளியம்மா கதவைத் தடவிக் கொடுத்தாள். "'இது எங்கம்மா குரல் இல்ல'ன்னு சொல்லிட்டா."

சின்னக்கா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆளைக் கூட்டி வந்து கதவை உடைத்துவிடலாம் என்று கெஞ்சிப் பார்த்தாள்.

"ஐயோ வேண்டாம்மா. சத்தம் போட்டா புள்ள பயந்துக்கும்."

வாளியம்மா இப்போது பக்கத்து வீட்டில்தான் படுத்துக்கொள்கிறாள். பகலெல்லாம் தன் வீட்டு வாசல்படியில். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாராம். உள்ளே யாருமில்லை. கதவு மட்டும் உள்பக்கமாகத் தாழிட்டிருந்ததாம். போட்டிருந்தது மேல் தாழ்ப்பாள் அல்ல. கீழே இருக்கிற சின்னத் தாழ்ப்பாள்.