முப்பத்தாறாவது கட்டம்

ஐப்பசி பதினெட்டு, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிடம். தூறல், காற்று இல்லை. கைக்கடிகாரம் நின்றுபோன அந்நேரத்தில் என் ஒரே தம்பி கழிவுநீர்க் குளத்தில் உயிர் நீத்தார். ஓராண்டாக உறவினர்கள் கேட்டு வருவதால், நடந்ததை இந்த நினைவு மலரில் எழுதுகிறேன்.

தம்பி பிறந்தது ஆலங்குளத்தில். அப்பா சுண்ணாம்புக்கல் சுமந்தார். நான் படித்துக் கணக்கு வாத்தியாராக வேண்டுமென்று, தம்பி பதினான்கு வயதில் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனார். அங்கே ஏழு ஆண்டு. பிறகு எங்கள் ஊர்க் கழிவுநீர்க் குளங்களில் காவலும் பராமரிப்புமாக இருபத்தாறு ஆண்டு. நாற்றம் என்று ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

மூன்று குளங்கள். சாக்கடை நீர் அவற்றில் தங்கி, வெயிலாலும் பாசியாலும் தெளிந்து, பத்து நாள் கழித்து வெளியேற வேண்டும். இரண்டே நாளில் கறுப்பாக வெளியேறியது. பள்ளத்துக் கிணறுகள் கெட்டன. முதல் குளத்தில் சேறு நிரம்பி இடம் குறைந்துவிட்டதென்று தம்பிதான் கண்டு சொன்னார். குளத்தை முப்பத்தாறு கட்டமாகப் பிரித்து, சேற்றின் உயரத்தை அளந்து கொடுத்தால் தூர்வாரலாம் என்றார் பொறியாளர்.

மூங்கிலில் வெள்ளைத் துண்டைச் சுற்றி அடிவரை இறக்குவார் தம்பி. துண்டில் கறுப்பு ஏறிய உயரமே சேற்றின் உயரம். டிரம் கட்டிய தெப்பத்தில் போய் முப்பத்தைந்து கட்டம் அளந்தார். பட்டியலை எழுதியவன் நான்.

"அண்ணே, கடைசிக் கட்டத்துக்கு ஆறடின்னு போட்டுக்கிடுங்க. குழாய் வாய்க்கிட்ட தெப்பம் போகாது. சேறு மேலேறிப் புல்லு மொளச்சுக் கெடக்கு."

"ஏலே, பாக்காம எழுதுனா அது கணக்கா?"

"அப்ப வாத்தியாரே வந்து பாக்கட்டும். மாட்டுக்குப் புல்லும் அறுத்துக்கிடலாம்" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. போய் அளந்து வரச் சொன்னேன். மறுநாள் தனியாகப் போனவர், தெப்பத்திலிருந்து அந்தப் புல்லின்மேல் கால் வைத்திருக்கிறார். மூங்கில் மட்டும் நட்டபடி நின்றது. துண்டை நானே பிரித்து அளந்தேன். ஆறடி.

தை மாதம் தூர்வாரினார்கள். நீர் இப்போது ஒன்பது நாள் தங்குகிறது. பத்து ஆகவில்லை.

அலைந்து உதவிய பொறியாளருக்கும், மூன்று நாள் சோறு போட்ட சம்பந்தி வீட்டாருக்கும் நன்றி. இடுப்பில் கயிறு கட்டி இறங்கித் தம்பியைத் தூக்கியவர்கள் நான்கு தூய்மைப் பணியாளர்கள். நான் நீட்டிய பணத்தை அவர்கள் தொடவில்லை.

"எங்களுக்கும் அவுக அண்ணந்தான்யா. குளிக்கச் சோப்பும் தேங்காயெண்ணெயும் வாங்கிக் குடுங்க, போதும்."

வாங்கிக் கொடுத்தேன். நூற்று எண்பத்தெட்டு ரூபாய்.