முலாம்பழத் தொட்டில்கள்

வீட்டுக்கு யாராவது வந்தால், என் மகள் எதையாவது உளறிவிடுவாளோ என்று எனக்கு உள்ளுக்குள் ஓர் உதறல். தடுப்பதா, பேச விடுவதா என்று நான் முடிவெடுப்பதற்குள் அவள் பேசி முடித்திருப்பாள். இவள் யாரைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று மட்டும் நான் யாரிடமும் கேட்பதில்லை.

நகரியில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் நான் முலாம்பழம் வளர்த்தபோது எனக்கு எட்டு வயது. சந்தையில் கர்பூஜா என்று விற்பார்களே, அதன் விதையைக் கழுவிக் காயவைத்து ஊன்றினேன். குளியலறைத் தண்ணீர் பாய்ந்து தரை எப்போதும் ஈரமாகவே இருந்ததால், மண்ணைத் தொட்ட பிஞ்சுகள் அழுகின. அப்பா கொடியைப் பந்தலில் ஏற்றிவிட்டார். மூன்று காய்கள் பிடித்துத் தேங்காய் அளவுக்குப் பருத்தன. கனம் தாங்காமல் காம்பு அறுந்துவிடுமே என்று அம்மாவின் பழைய புடவையைக் கிழித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தொட்டில் கட்டினேன். யோசனையும் என்னுடையதுதான். தெருப்பிள்ளைகள் கூட்டமாக வந்து பார்த்தார்கள். தொட மட்டும் நான் யாரையும் விடவில்லை.

காய்கள் மணக்கத் தொடங்கிய சமயத்தில், அத்தை வருவதாகத் திருப்பதியிலிருந்து போன் வந்தது. அப்பாவின் தங்கை, கல்யாணமாகிப் பல வருடமாகியும் குழந்தை இல்லாதவள். போனை வைத்த கையோடு அம்மா தோட்டத்துக்குப் போய்த் தொட்டில்களை அவிழ்க்க ஆரம்பித்தாள். பிள்ளை வரம் கேட்டுக் கோயில் மரத்தில் கட்டுவார்களே, அதே மாதிரி அவை தொங்கியது அப்போதுதான் அவள் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

"காய் உழுந்துடும்மா!"

"உழுந்தா உழுவட்டும். அத்த ஊருக்குப் போனதும் கட்டிக்கலாம். நீ வாயத் தொறக்காத."

அத்தை வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே ஒரு காய் விழுந்து பிளந்தது. நான் ஓவென்று அழுதேன்.

"இன்னாடி, அத்தயப் பாத்து அழுவுற?"

"நீ வர்றேன்னுதான் அம்மா தொட்டிலெல்லாம் அவுத்துட்டாங்க!"

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. அப்பா எதையோ தேடுவதுபோல உள்ளே போய்விட்டார். அத்தை பந்தலையும், அம்மா கையில் சுருட்டி வைத்திருந்த துணியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னா அண்ணி நீ," என்றாள் கடைசியில். "கொழந்த ஆசையா வளத்துக்கினு கீது. எனக்குப் பயந்துக்கினு காயக் கீழ வுடுவியா? குடு இங்க அந்தத் துணிய."

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மற்ற இரண்டையும் அவளே கட்டினாள். நான் கட்டியவை ஒரு பக்கம் சாய்ந்தே தொங்கும். அத்தை பேசிக்கொண்டே, கையைக்கூடப் பார்க்காமல் முடிச்சுப் போட்டாள். இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விழுந்த காய்க்காக அழுகிறாள் என்று நினைத்து, "வுடும்மா, இன்னும் ரெண்டு கீது இல்ல?" என்று தேற்றினேன்.

அந்த இரண்டும் நன்றாகப் பழுத்துத் தாமாகவே காம்பைவிட்டுக் கழன்று தொட்டிலில் கிடந்தன. அப்படி ஓர் இனிப்பு. தின்ன வந்த பிள்ளைகளிடமெல்லாம், எங்கள் அத்தை மாதிரி தொட்டில் கட்ட இந்த நகரியிலேயே ஆளில்லை என்று பெருமையடித்துக்கொண்டேன். அந்தக் கைகளுக்கு அவ்வளவு பழக்கம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.